வேகமும் பாரமும்

உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் ஒன்று வரைந்திருக்கிறார். அவர் வீட்டிற் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறதாம். நான்கு கருக்கள் கொண்ட புரொசஸர் உடையது. ராம் தகடுகள் செருகும் நான்கு இடங்களையும் நிரப்பிவிட்டாராம். ஆயினும் வேகம் போதவில்லை. புதியது வாங்குவதற்குத் தந்தையாரிடம் வசதியில்லை. ‘ஓவர்கிளொக்கிங்’ செய்தால் காசு செலவின்றி வேகத்தைக் கூட்டலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா, கூடாதா என்று ஒரே சொல்லிற் பதில் தருமாறு கேட்டிருக்கிறார்.

ஒரே சொல்லிற் பதில் தர எம்மால் இயலவில்லை. இந்தக் காரியத்தில் நாம் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். அத்தோடு நில்லாமல், எமது பிழைக்கு வேறொரு பிள்ளையைக் குற்றஞ் சாட்டியும் விட்டோம். எனவே அந்தக் கதையைச் சொல்லுவதே தக்க பதிலாகும் எனக் கருதுகிறோம்.

முதலில், இந்த ஓவர்கிளொக்கிங் என்பது யாது? மலைநாட்டுத் தோட்டங்களிற் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தப்பு எந்த வேகத்தில் முழங்குகிறதோ அந்த வேகத்திலேயே ஆடுவோரின் கால்கள் விழும். கணினிக்குள்ளும் அப்படியொரு தாளம் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட கோர் 2 குவாட் கியூ6600 என்ற புரொசஸரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படைத் தாளம் விநாடிக்கு ஏறத்தாழ 266 மில்லியன் அடிகள். அதாவது 266 மெகாஹேர்ட்ஸ். ஒவ்வோர் அடிக்கும் புரொசஸர் ஒன்பது எட்டு வைக்கிறது. 266ஐ ஒன்பதாற் பெருக்கினால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வருகிறது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வேகம் அதுதான்.

அந்த ஒன்பதைப் பத்தாக்க முடியாதபடி செய்தவர்கள் பூட்டிவிட்டார்கள். ஆனால் தப்பின் வேகத்தைக் கூட்டுவதற்குப் பயோஸ் என்னும் அமைப்புப் பகுதியில் வழி இருந்தது. 266ஐ 333 ஆக்கினால் அதே புரொசஸர் 3 கிகாஹேர்ட்ஸில் ஓடும். நாற்பது ஐம்பது விசைகளை அழுத்துவதோடு வேலை முடிந்தது. காசு செலவில்லை, வேகமோ காற்பங்கு அதிகம். இளைஞர்களுக்கு இதில் மோகம் பிறந்ததில் வியப்பென்ன?

இது நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் ஐயுறலாம். நடக்கக்கூடியதே. ஒரே தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக அமைவதில்லை. நிறுவனத்தார் அவற்றைச் சோதித்து, வெப்பமான அறையிலும் பல்லாண்டு பிழையின்றி ஓடத்தக்க ஒரு வேகத்தைக் குறித்து விற்கிறார்கள். ஆகவே பல சில்லுகளில், குறித்த அளவுக்கு மேலும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த செலரோன் 300ஏ என்னும் மலிவான புரொசஸரின் தாளத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸாக மாற்றி, 300 மெகாஹேர்ட்ஸ் சில்லை 450இல் ஓட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஏழைக்கு எட்டாத வேகத்தை ஏழைக்குத் தந்த வித்தை அது. அதை நாம் இகழமாட்டோம்.

ஆனால் தப்பின் வேகத்தைக் கூட்டும்போது ஆடுகிறவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதை மறந்துவிடுகிறோம். முன் வரிசையில் ஆடும் புரொசஸர் கேட்கும் அதே தப்பைத்தான் பின் வரிசையில் ஆடும் ராமும் கேட்கிறது. தாளம் 266 ஆக இருக்கையில், மூன்றுக்கு இரண்டு என்ற விகிதப்படி ராம் 400 மெகாஹேர்ட்ஸில் ஓடும். ஓர் அடிக்கு இரு முறை தரவை அனுப்பும் வகையாதலால் அதை 800 என்பார்கள். தாளத்தை 300 ஆக்கி விகிதத்தை மாற்றாது விட்டால் ராம் 900இல் ஓடத் தொடங்கும். தகட்டின்மேல் 800 என்றே எழுதியிருக்கும். எமது கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

2016ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருமழையில் எமது கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலைகள் சரிந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிரிழப்பின் துயரம் ஒருபுறம். மறுபுறம், தப்பியவர்கள் பலரிடம் தாம் யார் என்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் எஞ்சவில்லை. தோட்டத்து மக்களுக்குக் காகிதம் என்பது வெறுங் காகிதமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தினாற் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பலர் முழுதாக மூச்சுவிட்ட வரலாறு எமது. பாட்டனாரின் சான்றிதழ் ஒன்றைத் தகரப் பெட்டியின் அடியிற் சேலைக்குள் சுற்றி வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

ஆகவே யட்டியாந்தோட்டையில் நாம் சில நண்பர்களுடன் நடத்திவந்த சிறு வாசிகசாலையில் ஒரு வேலையை ஆரம்பித்தோம். அயலிலுள்ள லயங்களிலிருந்து மக்கள் கொண்டுவரும் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், விவாகப் பதிவு ஆகியவற்றை ஸ்கேன் செய்து கணினியிற் சேமித்து வைப்பது என்பதே அவ்வேலை. கொழும்பிலிருந்த பழைய மாணவர் ஒருவர் தமது கணினியை அன்பளிப்பாகத் தந்திருந்தார். நாம் மேலே சொன்ன நாற்கருப் புரொசஸர்தான் அதிலும் இருந்தது. 2 கிகாபைட் ராம் தகடுகள் இரண்டு.

உதவிக்கு வந்த பையன் எமது மாணவன். தந்தையார் றப்பர்ப் பால் வெட்டுபவர். கணினி மெதுவாக ஊர்கிறது என்று சொல்லித் தாளத்தை 300 ஆக உயர்த்தி, 2.7 கிகாஹேர்ட்ஸில் ஓடவைத்தான். எம்மிடம் கேட்டுத்தான் செய்தான். செய்துவிட்டுச் சும்மா இருக்கவுமில்லை. மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓர் இரவு முழுதும், பிரைம்95 என்பதை இன்னோர் இரவு முழுதும் ஓட்டினான். பிரைம்95 என்பது மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்கென எழுதப்பட்ட கணக்கு நிரல். ஒரு சிறு பிழை நேரினும் காட்டிக்கொடுத்துவிடும் ஆதலால் வேகம் கூட்டுவோர் அதை உரைகல்லாகக் கொள்கிறார்கள். இரண்டிலும் பிழையில்லை. ‘இரண்டு தகடு, 300, சோதனை சரி’ என்று திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தான்.

இரண்டு மாதங் கழித்து அவன் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டான். அந்நாட்களில் நாம் கொழும்புக்குச் சென்றபோது பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் இரண்டு பழைய ராம் தகடுகள் மலிவாகக் கிடைத்தன. வாங்கிவந்து வெறுமையாயிருந்த இரண்டு இடங்களிலும் நாமே செருகினோம். கணினி உயிர்த்தது, 8 கிகாபைட் என்று காட்டியது. எமக்கோ பெருமை தாங்கவில்லை. சோதனை செய்யவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. முன்னரே சோதித்த கணினிதானே!

அதன்பின் நான்கு மாதங்கள் வேலை தடையின்றி நடந்தது. எப்போதாவது ஒருநாள் கணினி தானாக நின்று மீளத் தொடங்கும். மின்சாரம் தளும்புகிறது என்று நாமே காரணஞ் சொல்லிக்கொள்வோம்.

ஒருநாள் காலையில் மூதாட்டி ஒருவர் வந்தார். கூரை ஒழுகித் தகரப் பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது; கணவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கூழாகிவிட்டது.

“ஐயா, அன்னிக்கு நீங்க படம் புடிச்சு வச்சீங்களே, அது இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இருக்கிறது அம்மா, அதற்காகத்தானே வைத்திருக்கிறோம்” என்று சொல்லிக்கொண்டே கோப்பைத் திறந்தோம். மேற்பாகத்திற் சிங்க இலச்சினையும் இரண்டு வரியும் தெளிவாயிருந்தன. அதற்குக் கீழே நிறங்கள் சிதறி, பின் வெறும் சாம்பல் நிறம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வேறு வட்டில் எடுத்துவைத்திருந்த இரண்டாம் பிரதியைத் திறந்தோம். அதுவும் அவ்வாறே. கெட்டுப்போன கோப்பையே இரண்டாம் முறையும் படியெடுத்து வைத்திருந்தோம்! தேடிப் பார்த்ததில் அவ்வாறு பழுதுபட்ட படங்கள் பத்துக்கு மேல் இருந்தன.

பையனை அழைப்பித்தோம். “உன் வேக ஆசையினால் வந்த வினை இது, தம்பி” என்று மற்றவர்கள் முன்னிலையிற் கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி சொல்லவில்லை. அலுமாரியிலிருந்த கொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு, “சேர், கெட்டுப்போன படங்கள் எந்தெந்தத் திகதியில எடுத்தது என்று பார்ப்போமா?” என்று மட்டும் கேட்டான்.

பார்த்தோம். பழுதுபட்டவை யாவும் நாம் தகடுகளைச் செருகிய நாளுக்குப் பிற்பட்டவை. அதற்கு முன் எடுத்த படங்களுள் ஒன்றாயினும் கெடவில்லை. அவன் புதிய தகடுகள் இரண்டையும் கழற்றிச் சோதனையை ஓட்டினான், பிழையில்லை. பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றை மட்டும் வைத்து ஓட்டினான், அப்போதும் பிழையில்லை. நான்கையும் செருகி ஓட்டினான். அரைமணி நேரத்துக்குள் திரையிற் சிவப்பு வரிகள் தோன்றத் தொடங்கின. தகடுகள் நல்லவை, புரொசஸரும் நல்லது. நான்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓட இயலாது என்பதே உண்மை.

ஏன் இயலாது? இதை மலைச்சாரலில் வாழ்பவர்கள் எளிதில் உணர்வார்கள். பள்ளத்தாக்கில் நின்று கூவினால் எதிர்மலையிலிருந்து குரல் திரும்பி வருகிறது. நிறுத்தி நிறுத்திப் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடங்கிய பின் அடுத்த சொல் எழும், கேட்பவருக்குக் குழப்பமில்லை. விரைந்து பேசினாலோ எதிரொலியும் சொல்லும் மோதிக்கொள்ளும். கணினியின் தாய்ப்பலகையில் ராமுக்குச் செல்லும் கம்பி வழிகளும் இத்தகையனவே. ஒரு வழியில் இரண்டு தகடுகள் தொங்கும்போது மின் குறிப்புகள் ஒவ்வொரு கிளையிலும் முட்டி ஒரு பகுதி எதிரொலிக்கின்றன. தகடுகள் கூடக்கூடச் சுமையும் கூடுகிறது. குறிப்பின் கூர்மை மழுங்குகிறது. 800இல் ஓடும் ராமில் ஒரு குறிப்புக்குக் கிடைக்கும் நேரம் 1.25 நனோ செக்கன். அதற்குள் ஒளியே முப்பத்தேழு சென்றிமீற்றர்தான் செல்லும். 900இல் அந்த நேரமும் 1.1 ஆகக் குறைகிறது. இரண்டு தகடுகளுடன் அந்த இடுக்கிற் புகுந்து புறப்பட முடிந்தது, நான்குடன் முடியவில்லை.

இது பழைய கணினிகளின் குறை மாத்திரமன்று. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் புரொசஸர்களுக்கு, இரண்டு தகடுகள் இருந்தால் 5200 என்றும் நான்கு இருந்தால் 3600 என்றும் நிறுவனத்தாரே வேகம் குறித்திருக்கிறார்கள். வேகச் சாதனை படைப்பவர்களும் இதை அறிவார்கள். 2011ஆம் ஆண்டில் ஏஎம்டியின் எட்டுக் கரு எஃப்எக்ஸ் புரொசஸரைத் திரவ ஹீலியத்தாற் குளிரூட்டி 8.429 கிகாஹேர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸிற் பதிந்தபோது, இரண்டு கருக்களை மட்டுமே விழித்திருக்கச் செய்தார்கள். அத்தகைய முயற்சிகளில் ராம் தகடும் ஒன்றே ஒன்றுதான் இருப்பது வழக்கம். உச்ச வேகம் வேண்டியவர் பாரத்தை இறக்கினார். நாமோ பாரத்தை ஏற்றிவிட்டு வேகத்தையும் எதிர்பார்த்தோம்.

இந்தப் பிழையிலுள்ள கொடுமை யாதெனில், அது சத்தமிடுவதில்லை. யந்திரம் நின்றுபோனால் பழுது என்று அறிவோம். ராமில் ஓர் எண் மாறி, பூச்சியம் ஒன்றானால் கணினி வழக்கம்போல் ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தப் பொய்யை உண்மையென்றே வட்டில் எழுதிவைக்கும். இதற்கென்றே பெரிய நிறுவனங்களின் கணினிகளில் ஒவ்வொரு 64 குறிகளுக்கும் 8 காவற் குறிகள் சேர்த்து, பிழையைத் திருத்திக்கொள்ளும் ராம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணினிகளிற் பெரும்பாலும் அந்தக் காவல் இல்லை.

அன்று மாலை அவனுடைய தந்தையார் வேலை முடிந்து வாசிகசாலைக்கு வந்திருந்தார். நடந்தவற்றைக் கேட்டுவிட்டு, “மரத்த ரெண்டு பக்கமும் வெட்டிட்டு, நாள் தவறாமயும் வெட்டினா பால் எப்படிங்க நிக்கும்?” என்றார். றப்பர் மரத்தின் சுற்றளவிற் பாதியைச் சீவினால் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டும் என்பது அத்தொழிலில் நெடுநாள் முறை. அளவை மீறி வெட்டினால் முதலிற் பால் அதிகமாகவே வடியும்; பிறகு வெட்டுப் பட்டை வரண்டு மரம் பால் தராமலே நின்றுவிடும். வெட்டின் நீளத்தைக் கூட்டினால் நாளைக் குறைக்கவேண்டும். நாளைக் கூட்டினால் நீளத்தைக் குறைக்கவேண்டும். பட்டம் பெற்ற எமக்கு விளங்காத கணக்கு, பால் வெட்டும் அம்மனிதருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

மறுநாள், கடிந்துகொண்டபோது இருந்த அதே மனிதர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையிலேயே பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று ஒருவர் முணுமுணுத்தார். பழியைப் பலர் முன்னிலையிற் சுமத்தியவர் அதைத் தனியறையில் இறக்கிவைக்க முடியாது. கணினியின் தாளத்தை 266க்கே இறக்கி, ராமையும் 667இல் அமைத்து, நான்கு தகடுகளுடன் இரண்டு இரவுகள் சோதித்தோம். பிழை வரவில்லை. பழுதுபட்ட படங்களுக்குரிய வீடுகளுக்கு நடந்து சென்று பத்திரங்களை மீண்டும் வாங்கி ஸ்கேன் செய்தோம். மூதாட்டியாரின் பத்திரந்தான் மீளவில்லை. அதன் பிரதியைப் பெறுவதற்கு அவர் பல மாதங்கள் அலைய நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் உடன் சென்றோம். அந்த அலைச்சலுக்குக் காரணர் நாமல்லவா?

இனி, கடிதம் எழுதிய மாணவருக்கு வருவோம். தம்பி, முதலிற் கணினியைத் திறந்து தூசியைத் துடையுங்கள். யட்டியாந்தோட்டையைப் போன்ற ஈரமும் வெப்பமும் நிறைந்த ஊர்களில் விசிறிகளில் அடையும் தூசியே பாதி வேகத்தைத் தின்றுவிடும். அடுத்து, சுழலும் பழைய வன்வட்டை நீக்கி எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் பொருத்துங்கள். சிறியது ஒன்று பெரிய செலவன்று. ஓவர்கிளொக்கிங் தரும் காற்பங்கு வேகத்தைக் காட்டிலும் இதன் பயனை நீங்கள் கண்கூடாகக் காண்பீர்கள்.

அதன்பின்னும் வேகத்தைக் கூட்டியே பார்க்கவேண்டும் என்றால், கூட்டிப் பாருங்கள். அறிவு வளர்வது அவ்வாறுதான். ஆனால் தாளத்தைத் தொடுமுன் ராமின் விகிதத்தைக் குறையுங்கள். சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஓர் இரவு சோதியுங்கள். மின்னழுத்தத்தைக் கூட்டுவதில் நிதானம் வேண்டும். வேகத்தைக் காற்பங்கு ஏற்றி, அழுத்தத்தை 1.25 வோல்ட்டிலிருந்து 1.35 ஆக்கினாலே புரொசஸர் இயங்கும்போது எழும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். நான்கு தகடுகளும் வேண்டுமா, கூடிய வேகம் வேண்டுமா என்று ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தவொரு பாகத்தை மாற்றினாலும் முந்திய சோதனை செல்லாது, புதிதாகச் சோதியுங்கள். செய்ததைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள். என்றோ ஒருநாள் அது உங்களைக் காப்பாற்றும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. உங்கள் விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் உரிய கணினியை எவ்வளவு வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். பிறருடைய காகிதங்களைக் காத்துவைக்கும் கணினியை மட்டும், அதைச் செய்தவர் குறித்த வேகத்துக்கு மேல் ஒரு படியும் ஏற்றாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் வாசிகசாலைக்கு வருவான். கொப்பி இன்றும் அதே அலுமாரியில் இருக்கிறது. அவன் எழுதிய வரிக்குக் கீழே எமது கையெழுத்தில் இன்னொரு வரி: ‘நான்கு தகடு, 266, சோதனை சரி.’ அதற்குப் பின் யார் எதை மாற்றினாலும் அதில் எழுதாமல் மாற்றுவதில்லை.